செக் என்ஜின் விளக்குக்குக் கையடக்க ரீடரா, புளூடூத் அடாப்டரா?

போன வருஷம் என் பெட்ரோல் காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பி0171 சார். ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு, மாத்திடலாம்" என்றார்கள். விலையைக் கேட்டதும், யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாமே ஒரு கருவி வாங்கினால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

ஒயரும் சின்னத் திரையுமாக வரும் கையடக்க ரீடர் ஒரு வகை. போனோடு சேர்கிற ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் இன்னொரு வகை. இரண்டையும் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள அதே 16 பின் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். எரர் கோட்களைப் படிக்கவும் அழிக்கவும் எதுவானாலும் போதும். ரீடருக்கு ஆப் வேண்டாம், புளூடூத்தில் இணைக்கும் தொல்லை இல்லை. நண்பர் ஒருவரிடம் இருப்பதை வாங்கிச் செருகிப் பார்த்தேன், பத்து விநாடியில் கோட் வந்துவிட்டது.

ஆனாலும் நான் வாங்கியது அடாப்டரைத்தான். என்ஜின் ஓடும்போது வரும் லைவ் டேட்டாவைப் போனில் கிராஃபாகவே பார்க்கலாம் என்பதுதான் காரணம். நண்பரின் ரீடரிலும் லைவ் டேட்டா உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு வரி எண்கள்தான் தெரியும்.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சேதி சொல்ல வந்த ஆள்; அதையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். ஃபியூவல் டிரிம் என்ற கணக்கைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். குறையை ஈடுகட்ட என்ஜின் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது என்பதே அது. என் வண்டியில் ஐடிலில் ஷார்ட் டேர்ம் (அந்த நேரத்துத் திருத்தம்), லாங் டேர்ம் (நாளடைவில் பதிந்த திருத்தம்) இரண்டும் சேர்ந்து +19. ஆக்ஸிலேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் +4. உள்ளே போகும் காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாரைத் தாண்டி எங்கேயோ காற்று கசிந்தால் இப்படித்தான் வரும்: ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. வேகம் கூடினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். மாறாக, லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃபியூவல் பம்ப்பையோ மாஃப் சென்சாரையோ பார்க்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்பும் பிசிவி வால்வின் ரப்பர் குழாய் அடிப்பக்க வளைவில் வெடித்திருந்தது. நேராக இருக்கும்போது தெரியாத விரிசல், வளைத்ததும் வாய் பிளந்தது. புதுக் குழாய் 180 ரூபாய்.

மாஃப் இல்லாமல், காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டிகளில் இந்த அடையாளம் இவ்வளவு தெளிவாக வராது. டீசல் வண்டியில் நான் போட்டுப் பார்த்ததில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் கோட்களை என் அடாப்டர் படிக்கவில்லை. அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான். அப்புறம், கோட்டை அழித்தால் பழுது பதிவான நேரத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் போய்விடும். முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீடரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம். அடாப்டர் சின்னதாக இருப்பதால் சாக்கெட்டிலேயே மறந்துபோகும். வண்டியை அணைத்தாலும் அங்கே பேட்டரி கரன்ட் வந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜம்பர் கேபிள் கேட்டு நின்றேன்.