மானியம் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் தேதியைக் கேளுங்கள்

எங்கள் கட்டடத்தின் பின்புறம் ஒரு மின்வாகன சார்ஜர் நிற்கிறது. ஏழு மாதமாக அதன் மேல் சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். வேலை செய்யும் என்று நம்பி யாரும் வண்டியைத் திருப்பி உள்ளே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சொந்த இடத்தில் பொதுமக்களுக்கு சார்ஜர் வைத்தால் உள்ளாட்சி மானியம் கிடைக்கும் என்று யாராவது உங்களைத் தேடி வந்திருந்தால், எதிலும் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கட்டடம் எனக்கும் அண்ணனுக்கும் அப்பா விட்டுப் போனது. கீழே கடைகள், பின்னால் பத்து வண்டி நிறுத்த இடம். ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். மரியாதையாகப் பேசினார், கையில் மானிய அறிவிப்பின் நகல் வைத்திருந்தார். "உங்க கையை விட்டு ஒரு காசு போகாது சார். விண்ணப்பம், வயரிங், மானியம் எல்லாம் எங்க பொறுப்பு. முன்பணம் மட்டும் கொடுங்க, மானியம் வந்ததும் அதுவும் உங்களுக்கே திரும்பிடும்" என்றார். நாங்கள் விசாரித்தோம். மானியம் உண்மையிலேயே இருந்தது, எங்கள் இடத்துக்குத் தகுதியும் இருந்தது. அதனால்தான் ஏமாந்தோம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அவர் மறைத்தது வரிசையை. முதலில் விண்ணப்பம், அப்புறம் ஆய்வு, அப்புறம் ஒப்புதல் கடிதம். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முடித்து, செலவுக்கான ரசீதுகளைக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். அதாவது முதலில் போடுவது நம் பணம். இவர் "நிதி தீர்ந்துடும் சார், ஒப்புதல் வந்த மாதிரிதான்" என்று அவசரப்படுத்தி, விண்ணப்பம் போட்ட அதே வாரத்தில் பள்ளம் தோண்ட ஆள் அனுப்பிவிட்டார். பள்ளம் தோண்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மானியம் வரவில்லை என்று அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கோப்பைத் திறந்து இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவர்கள் கொடுத்த ஒப்புதல் கடிதம், இன்னொன்று நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த ரசீது. இரண்டிலும் தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தார். ரசீது பதினொரு நாள் முந்தியது. "ஐயா, ஒப்புதலுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிருக்கீங்க. இதுக்கு மானியம் கிடையாது. படிவத்தோட மூணாம் பக்கத்துல இருக்கு, கீழே உங்க கையெழுத்துதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கே வருத்தமாக இருந்தது போலத் தெரிந்தது.

அந்த விதியின் நியாயம் எனக்கு அப்புறம்தான் விளங்கியது. மானியம் இல்லாவிட்டால் வராத சார்ஜரை வரவைக்கத்தான் பொதுப்பணம். வேலை ஏற்கனவே நடந்துகொண்டிருந்தால், மானியம் இல்லாமலும் அது வந்திருக்கும் என்றுதான் அரசு எடுத்துக்கொள்ளும். இந்தத் தொழிலிலேயே இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. மானியம் எங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு வர வேண்டிய முன்பணம் வந்துவிட்டது. அவர்களின் கணக்கு அதோடு முடிந்தது.

மானியம் போனாலும் சார்ஜராவது ஓடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அதுவும் ஓடவில்லை.

பெட்டியின் மேல் 22 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. அந்த அளவு வர மூன்று ஃபேஸ் மின் இணைப்பு வேண்டும். அவர்கள் இழுத்தது ஒற்றை ஃபேஸ். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் போனால் வருவது சுமார் 7.4 கிலோவாட், அதற்கு மேல் அந்தக் கம்பியிலிருந்து வராது. இணைப்பை மூன்று ஃபேஸாக மாற்றுவது "உரிமையாளரின் பொறுப்பு" என்று கொட்டேஷனின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. விலை மட்டும் 22 கிலோவாட் கருவிக்கு. முழு 22 வந்திருந்தாலும்கூட எல்லாக் காரும் அதை வாங்கிக்கொள்ளாது. ஏசி, அதாவது மாறுமின்சார சார்ஜிங்கில் வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருக்கும் சார்ஜர். பல கார்கள் 7.4 அல்லது 11 கிலோவாட்டோடு நின்றுவிடும். எங்களுக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை.

அடிக்கடி டிரிப் ஆகிறது என்று வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் டார்ச்சை என்னிடம் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். நியூட்ரல் கம்பி சேரும் இடம் கருகியிருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் உருகி, மெழுகு வழிந்ததுபோல் இறுகிக் கிடந்தது. திருகை முழுதாக முறுக்கவே இல்லை. மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடும் கருவியில் இப்படித் தளர்ந்த இணைப்பு இருந்தால் தீப்பிடிக்கும். கசிவு மின்சாரம் வந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபியும் சாதாரண ஏசி வகை. கார் பேட்டரி நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடுவது; அந்த நேர்மின் கசிவு வந்தால் ஏசி வகை சரியாக வேலை செய்யாமல் போகலாம். பி வகை போட வேண்டும், இல்லையென்றால் ஏ வகையோடு 6 மில்லிஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு சார்ஜரிலேயே இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. மழையில் நின்று யாரோ ஒருவர் கையில் பிடிக்கப் போகும் கேபிள் அது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதையெல்லாம் மாற்றிச் சரி செய்தோம். அப்புறம் ஒரு நாள் நிறுவனத்தின் செயலி நின்றுபோனது, கூடவே சார்ஜரும் நின்றுபோனது. கருவி அவர்களுடைய சர்வரோடு மட்டும்தான் பேசும். எந்த நிறுவனத்தின் சார்ஜரும் எந்த சர்வரோடும் பேசுவதற்கு ஓசிபிபி என்று ஒரு பொது நெறிமுறை இருக்கிறது. அதன் 1.6 பதிப்பு 2015லேயே வந்துவிட்டது. அதை முறையாக ஆதரிக்கும் கருவி என்றால், ஒரு நிறுவனம் கைவிட்டாலும் இன்னொரு நிறுவனத்தின் சர்வரோடு இணைத்துக்கொள்ளலாம், பூட்டிவைக்காமல் இருந்தால். எங்களுடையதில் அது பூட்டியிருக்கிறது. கடவுச்சொல் கேட்டு எட்டுக் கடிதம் போட்டாயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை.

பராமரிப்பைப் பற்றி ஒப்பந்தத்தில் "தேவைக்கேற்ப" என்ற ஒரே ஒரு சொல்தான். அமெரிக்காவில் கூட்டரசின் பணத்தில் வைக்கும் சார்ஜர் ஒவ்வொன்றும் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று விதி. பிரிட்டனில் 2023இல் வந்த விதிகள் பொது அதிவேக சார்ஜர்களுக்கு 99 சதவீதம் கேட்கின்றன. உங்கள் ஒப்பந்தத்திலும் ஒரு எண் இருக்க வேண்டும். பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள், வராவிட்டால் என்ன இழப்பீடு என்றும் இருக்க வேண்டும். மானியம் கிடைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குறிப்பிட்ட ஆண்டுகள் சார்ஜர் ஓட வேண்டும் என்று நிபந்தனை இருந்து, அது நின்றுபோனால், பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்களிடம்தான், நிறுவனத்திடம் அல்ல.

இன்னொன்று, 'பொது' என்ற சொல். எங்கள் மானியத்தின்படி இரவும் பகலும் யாரும் வரலாம் என்று இருக்க வேண்டும். நாங்கள் இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுவோம். அந்த ஆள் கேட்டைப் பார்த்துக்கொண்டேதான் அளவெடுத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேதி சரியாக இருந்திருந்தாலும் இதில் மாட்டியிருப்போம்.

சாக்கைக் கட்டியதற்குக் காரணம் ஒரு பெண். பேட்டரி நான்கு சதவீதத்தில் இருக்க, பின் இருக்கையில் தூங்குகிற குழந்தையோடு வந்தார். வரைபடத்தில் எங்கள் இடம் பச்சைப் புள்ளியாக இன்னும் காட்டிக்கொண்டிருந்தது. செருகிப் பார்த்தார், கழற்றி மறுபடியும் செருகிப் பார்த்தார். சிவப்பு விளக்குதான். "அண்ணா, பக்கத்துல வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். கடையிலிருந்து சாதாரண பிளக்கில் வயர் இழுத்துக் கொடுத்தேன். அடுத்த சார்ஜர் வரை போகும் அளவுக்கு ஏற இரண்டு மணி நேரம் ஆனது.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். போன வாரம் அதே ஆள் எங்கள் தெருக்கோடியில் ஒருவரின் வண்டி நிறுத்துமிடத்தை அளந்துகொண்டிருந்தார். அவர் கிளம்பும் வரை காத்திருந்து, அந்த இரண்டு தாள்களின் நகலையும் படிவத்தின் மூன்றாம் பக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே படித்தார். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.