சின்னக் கால்களுக்கு எந்தக் காடு: கோவை குற்றாலமா, பரளிக்காடா?

கோவையில் சிறு பிள்ளைகளுடன் ஒரு நாள் காட்டுக்குள் நடந்துவர நினைப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்பார்கள். இரண்டும் மலையடிவாரப் பள்ளத்தாக்குகள், இரண்டும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. கோவை குற்றாலத்தில் நொய்யலுக்குப் போகும் அருவித் தண்ணீர், பரளிக்காட்டில் பவானி ஆறு. நான்கு வயது மகளையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு இரண்டுக்கும் போய்வந்திருக்கிறேன்.

கோவை குற்றாலம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில்தான். சாடிவயல் சோதனைச் சாவடியில் சொந்த வண்டியை விட்டுவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறை வண்டி, அதன்பிறகு நடை. அந்த நடைக்காகவே நான் போவேன். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், அகலமான பாதை, தலைக்கு மேல் நிழல். பெரியவர்கள் கால் மணி நேரத்தில் கடந்துவிடும் தூரத்துக்கு நாங்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பாதையோரத்தில் கிடந்த யானை லத்தியில் ஒரு சாண வண்டு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்களால் அதைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு வேரில் முட்டியது, சறுக்கியது, மறுபடியும் தள்ளியது. மகள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அந்த உருண்டை வேரைத் தாண்டும்வரை அவளை எழுப்ப முடியவில்லை. எழுப்பவும் எனக்கு மனமில்லை.

இப்படி உட்கார இடம் கொடுப்பதுதான் அந்தப் பாதையின் பெரிய வசதி. யாரும் பின்னாலிருந்து அவசரப்படுத்துவதில்லை. குழந்தைக்குக் கால் வலித்தால் திரும்பிவிடலாம். ஆனால் அருவிக்கரை வேறு கதை. விடுமுறை நாளில் நெரிசல், வழுக்குப் பாறை, கையில் இருப்பதைப் பறிக்கும் குரங்குகள். நான்கு வயதுப் பிள்ளையின் கையை ஒரு நொடிகூட விட முடியாது. மழை வலுத்து நீர்வரத்து அதிகமானால் மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

பரளிக்காடு முழுநாள் ஏற்பாடு. காரமடை, வெள்ளியங்காடு வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வெள்ளியங்காட்டுக்கு மேல் வளைவுகள் தொடங்கும். வண்டியில் குமட்டும் பிள்ளையாக இருந்தால், வயிறு நிறைய ஊட்டி ஏற்றாதீர்கள். சனி, ஞாயிறுகளில்தான் பொதுமக்களுக்கு அனுமதி, முன்பதிவு கட்டாயம். போனதும் சுக்குக் காப்பி, பிறகு பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் பரிசல். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளையின் உடம்போடு இறுகக் கட்டியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் மாற்றித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களே சமைத்துப் பரிமாறுகிறார்கள். வீட்டில் ராகிக் களியைக் கண்டாலே முகம் சுளிக்கும் என் மகன், அங்கே இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினான். நாம் கொடுக்கும் கட்டணம் காட்டுக்குள் வாழும் குடும்பங்களுக்கு வருமானமாகப் போவதால், அந்தப் பணத்தைத் தருவதில் எனக்கு மனநிறைவு உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளூர் வழிகாட்டியோடு காட்டு நடை, பிறகு அத்திக்கடவுப் பக்கம் ஆற்றுக் குளியல்.

குறை என்று பார்த்தால், எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும். வண்டைப் பார்த்துக் குந்தும் குழந்தைக்காக நாற்பது பேர் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் எட்டு வயதுக்காரனுக்கு அதுவே கொண்டாட்டம். வழிகாட்டியை ஒட்டியே நடந்தான். மண்ணில் தெரிந்த குளம்படி மானுடையதா, பன்றியுடையதா என்று கேட்டுத் துளைத்தெடுத்தான். அவரும் சலிக்காமல் குனிந்து, விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் நான் தயங்காமல் கோவை குற்றாலத்தைச் சொல்வேன். அதுவும் வார நாளில், காலையில் முதல் ஆளாக. அருவியை எட்டாமல் திரும்பினாலும் நஷ்டமில்லை. கேள்வி கேட்கும் வயது வந்துவிட்டால் பரளிக்காடு. இந்த இரண்டு வயதுப் பிரிவிலும் பிள்ளைகள் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் பரளிக்காடுதான் பொருந்தும். பிற்பகல் நடைக்கு ஒருவர் பெரியவனோடு போகலாம், மற்றவர் சின்னவளோடு மரநிழலிலேயே இருந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவர்கள் காட்டுக்குள் போய்வந்த நேரம் முழுக்க, என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.