வீட்டுப் புத்தக அலமாரிகள்: திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஏழெட்டு வருஷ அனுபவம்

புத்தக அலமாரி செய்யப்போகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன மரம்?" என்றுதான். எங்கள் வீட்டில் மூன்று வகை அலமாரிகள் ஏழெட்டு வருஷமாகப் புத்தகம் சுமந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: மரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தட்டு எத்தனை அடி நீளம், அடித்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், முதுகுப்பக்கம் காற்று போகுமா, இந்த மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். திருநெல்வேலிப் பக்கம் புத்தகத்துக்கு வருகிற கேடு பெரும்பாலும் இந்த மூன்று வழியாகத்தான் வருகிறது.

முதல் அலமாரி அப்பா வீடு கட்டும்போதே சுவருக்குள் வைத்தது, கடப்பாக் கல் தட்டுகள். இந்த ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றிலும் இருக்கும். கல் தொய்யாது, கரையானுக்கு அதில் வேலையில்லை. எவ்வளவு கனமான அகராதியையும் தூக்கி வைக்கலாம். ஆனால் பாத்திரம் பண்டம் அடுக்குவதற்காக ஒன்றரை அடி ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்கு அது ரொம்ப அதிகம். இரண்டு வரிசையாக அடுக்கினால் பின்வரிசை கண்ணிலேயே படாது. பின்னால் நாலு அங்குல உயரத்தில் ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து அதன்மேல் பின்வரிசையை ஏற்றினேன். இப்போது இரண்டு வரிசைத் தலைப்பும் தெரிகிறது. இன்னொரு சங்கடம் ஓதம். வெளிச்சுவரில் இருக்கிற அலமாரி என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பின்சுவர் சில்லென்று ஈரம் கோத்துவிடும். சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்ட பிறகு பூஞ்சை பிடிப்பது வெகுவாகக் குறைந்தது. கண்ணாடிக் கதவு போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நான் போடவில்லை. கதவு புழுதியைத் தடுக்கும், சரி. அதே கதவு மழைக்காலத்து ஈரத்தையும் உள்ளே பூட்டி வைக்கும். புழுதியைத் துணியால் தட்டிவிடலாம், பூஞ்சைக் கறை போகாது.

இரண்டாவது, மைத்துனர் வீடு மாறும்போது கொடுத்த பார்ட்டிக்கிள் போர்டு ராக். ஆன்லைனில் வாங்கி வீட்டில் வைத்துத் திருகி மாட்டுகிற வகை. பார்வைக்கு லட்சணமாக இருக்கும். ஒவ்வொரு தட்டும் மூன்றடி நீளம், கனம் 15 மில்லிமீட்டர். ஒரு தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் ஓர் அடிக்கு எட்டுப் பத்து கிலோ வரும். இரண்டாவது வருஷமே நடுத்தட்டு தொங்கியது. தட்டின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன், நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளி. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அது, ஒரு தடவை தொய்ந்தால் திருப்பிப் போட்டாலும் நிமிராது. அதைவிட மோசம் அடிப்பலகை. நம் வீடுகளில் தரையைத் தினம் ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்த ஈரம் ஓரத்து டேப்புக்குள் ஏறி, பலகை தேநீரில் நனைந்த ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. மாடி வீட்டில், பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு என்றால் வாங்கலாம். கனமான புத்தகங்களை நம்பி வைக்க முடியாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பேட்டையிலிருந்து வருகிற ஆசாரி ஒருவர் வீட்டிலேயே வைத்துச் செய்து கொடுத்தது. சுவர் முழுக்க ஒரே ராக்காக, நாலடித் தட்டாகப் போடலாமா என்று கேட்டேன். அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: "பலகை கனத்தை மட்டும் பாக்காதீங்க அண்ணாச்சி, நீளத்தைப் பாருங்க. நாலடி போட்டா நடுவுல தொங்கிரும்." கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அடிக்கு அடி அதே பாரம் இருக்கும்போது தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்காகும். பலகைக் கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும். அதனால் கனமான பலகைக்குக் காசு கொட்டுவதைவிட நடுவில் ஒரு நெட்டுப்பலகை கூட நிறுத்துவதே லாபம். எங்கள் ராக்கில் எந்தத் தட்டும் இரண்டேகால் அடிக்கு மேல் இல்லை. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்குகிற மரைன் வகை. தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டம் ஒட்டி ஆணி அடித்திருக்கிறார். அழகுக்கு மட்டுமில்லை, தட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்வதும் அந்தச் சட்டம்தான். இன்று நூல் பிடித்தாலும் தட்டு நேராக இருக்கிறது.

ஆழத்தில் ஒரு நல்ல சிக்கனம் சொல்லிக் கொடுத்தார். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட்டை ஒன்பதேகால் அங்குல அகலத்தில் அறுத்தால் வாள்வெட்டுச் சேதாரம் போக ஐந்து பட்டை கிடைக்கும். ஒரு அடி அகலம் கேட்டால் நாலு கூட முழுதாகத் தேறாது. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அல்லது அதைவிடச் சின்ன கிரௌன் அளவு. டெமி ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம், எட்டரை உயரம். ஆகவே ஒன்பதேகால் ஆழம் தாராளம். தட்டுக்குத் தட்டு பத்து அங்குல உயரம் வைத்தோம், கிரௌன் புத்தகங்களுக்கு மட்டும் மேலே இரண்டு தட்டு எட்டரை. அட்லஸ், கலைப் புத்தகம் போன்ற பெரியவற்றைப் படுக்கவைத்துவிடுகிறோம்.

அடித்தட்டு உயரம் அம்மாவின் யோசனை. 1992 தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவள். "ஆத்தங்கரைப் பக்கம் இருந்துக்கிட்டு தரையோட ஒட்டி வைக்காதப்பா" என்றாள். அதனால் ஒன்றேகால் அடிக் கால் வைத்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் கிரானைட் துண்டு கொடுத்தோம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஏறியபோது எங்கள் தெருவுக்கும் தண்ணீர் வந்தது, வீட்டுக்குள் முக்கால் அடி நின்றது. பார்ட்டிக்கிள் போர்டு ராக் அதோடு போயிற்று, அடித்தட்டிலிருந்த புத்தகங்களும் நனைந்தன. ஆசாரி ராக்கில் ஒரு காலில் சன்மைக்கா லேசாகப் பெயர்ந்ததோடு சரி, ஒரு புத்தகம் நனையவில்லை.

நனைந்தவற்றைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும், இந்த ஊரில் இது உதவும். வெயிலில் போடவே கூடாது, தாள் முறுக்கிக்கொள்ளும். புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, விசிறிபோல் லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். பக்கங்களுக்கு நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் இதைத் தொடங்காவிட்டால் பூஞ்சை முந்திக்கொள்ளும். வழவழத் தாள் புத்தகம் என்றால் இன்னும் அவசரம், உலர்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்படி ஒரு கோயில் சிற்பப் புத்தகம் செங்கல்லாகவே ஆகிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது சுவர். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சின்னப் பிளக் பிடிக்காது, காரை உதிர்ந்து ஆணியோடு வந்துவிடும். காரையைத் தாண்டிச் செங்கல் வரை துளை போட்டு நீளப் பிளக் அடிக்கச் சொல்லுங்கள். ஏழடி ராக் என்றால் மேலே இரண்டு எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணைப்பது கட்டாயம். குழந்தைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். பின்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் விட்டால் காற்றும் போகும், கரையான் மண்கோடு இழுத்தால் டார்ச் அடித்ததும் தெரிந்துவிடும். மேற்குச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரை வெயில் அந்தச் சுவரில் ராத்திரி வரை தங்குகிறது, அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் தாள் சீக்கிரம் பழுப்பேறுகிறது.

அலங்காரத்துக்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை. கனமானவை கீழே, அடிக்கடி எடுப்பவை கண் மட்டத்தில். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும், பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் அது நிரம்பிவிடும். ஒரு தட்டில் மகளின் அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான், இன்னொன்றில் மணப்பாடு ஓலைப் பெட்டி. அதில் வசம்புத் துண்டு கிடக்கிறது. வசம்பு வைப்பது ஓலைச்சுவடிக் காலத்துப் பழக்கம், நானும் விடாமல் வைக்கிறேன். ஆனாலும் ராமபாணப் பூச்சிக்கு உண்மையான வைத்தியம் தை மாதம் எல்லாப் புத்தகத்தையும் இறக்கித் தட்டி, நிழலில் காற்றாட வைப்பதுதான். செடித்தொட்டி மட்டும் எந்தத் தட்டிலும் வைக்காதீர்கள், அடியில் கசிகிற தண்ணீர் பலகையில் வளையம் போட்டுவிடும்.

வெள்ளத்தில் போன அந்த பார்ட்டிக்கிள் போர்டு ராக் நின்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தைக்குப் பிறகு அதே ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். அளவு எல்லாம் அவர் முன்பு செய்த ராக்கைப் போலவே. கால் மட்டும் ஒன்றரை அடி, அதிலும் சன்மைக்கா வேண்டாம், நேராகப் பெயின்ட்.