வட்டார வள மையத்தில் பதியலாமா? ஒரு அம்மாவின் மதிப்பீடு

மாற்றுத்திறன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் பலர் கேட்பது, சிறப்புப் பயிற்றுநர், பிசியோதெரபி, உபகரணம் என்று உதவி தரும் வட்டார வள மையத்தில் பிள்ளையைப் பதியலாமா என்பதுதான். என் பதில்: பதியுங்கள், ஆனால் எதற்காகப் போகலாம், எதற்காக அலைய வேண்டாம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. படிப்பாள், வாயடிப்பாள்; கால் இரண்டும் விறைப்பு, கையில் பென்சில் நிற்காது. அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இவளைப் போன்றவர்களுக்கென்று சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கே வருகிறார். அவருக்கு என் முழு மதிப்பெண். பழைய சைக்கிள் ட்யூபைத் துண்டாக வெட்டிப் பென்சிலில் தடிமனாகச் சுற்றினார். நோட்டு நகராமல் இருக்க நாலு மூலையிலும் டேப் ஒட்டினார். செலவு ஒன்றுமில்லை. அன்றைக்கே 'அ' கோட்டுக்குள் வந்தது. வகுப்பு ஆசிரியையிடமும் உட்கார்ந்து பேசி, கணக்குக்கு இவள் வாயால் பதில் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தார். பிள்ளை வகுப்பிலேயே இருந்தாள், அதுதான் எனக்குப் பெரிசு.

குறை என்னவென்றால், அவர் தினமும் வருவதில்லை. பல பள்ளிகளுக்கு அவர் ஒருவர்தான். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022-இலேயே அறிவித்துவிட்டது. எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

பிசியோதெரபி விஷயம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. சிகிச்சை நன்றாகவே தருகிறார்கள், தொடைத் தசையை எப்படி நீட்டிவிடுவது என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அதற்கு வள மையத்துக்குப் போக வேண்டும், அதுவும் பள்ளி நாளில். பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கத்தானே திட்டம்? அதற்காகவே பள்ளியை விட்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் உதவித்தொகை உண்டு. எங்கள் ஊரிலிருந்து போய்வர ஆட்டோவுக்கு ஒரு தடவைக்குத்தான் காணும். நான் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்கிறேன், மையத்துக்கு அவ்வப்போதுதான்.

உபகரண முகாம் சுமார். சக்கர நாற்காலிக்கு அளவெடுத்தார்கள். அது வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டாள், கால்பலகை முழங்காலைத் தூக்கி நிறுத்தியது. பட்டறையில் கொடுத்துக் கீழே இறக்கிக்கொண்டோம். முன்தட்டு மட்டும் அருமை, சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் அதுதான். அளவெடுக்கும்போதே "கால்பலகையை ஏற்றி இறக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

பள்ளியில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு அடி உயர 12 அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் வகுப்பறைத் திண்ணை ஒன்றரை அடி, அப்படியானால் 18 அடி வேண்டும். இருப்பது ஆறு அடி, சறுக்குமரம் மாதிரி! பையன்கள் அதில் சறுக்கித்தான் விளையாடுகிறார்கள். நான் பின்னால் இருந்து தள்ளி ஏற்றுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கேளுங்கள், பேச்சு கொஞ்சம் மாறும்.

அப்புறம், முகாமுக்குப் போகிறவர்கள் மருத்துவச் சான்று, ஆதார், யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை கிடையாது.