கிளட்ச் நட்டுக்கும் கிராங்க் நட்டுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பிரித்துச் சேர்ப்பதற்காக, சாக்கெட் மாட்டும் அரை அங்குல டிரைவ் கொண்ட கிளிக் வகை டார்க் ரெஞ்ச் (குறித்துவைத்த முறுக்கு விசையை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் ரெஞ்ச்) ஒன்றையும், கிளட்ச் சென்டரை (கிளட்ச் பிளேட்டுகள் பொருந்தும், பற்கள் கொண்ட நடுப்பகுதியை) அசையாமல் பிடித்துக்கொள்ளும் தாடை வடிவக் கருவி ஒன்றையும் வாங்கினேன். கிளட்ச் நட்டை மூன்று முறையும் கிராங்க் ஷாஃப்ட் நட்டை இரண்டு முறையும் இவற்றைக் கொண்டு இறுக்கிய பிறகே இதை எழுதுகிறேன். ரெஞ்சைத் தயங்காமல் வாங்கலாம். பிடிக்கும் கருவியைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இந்த எஞ்சினின் கிராங்க் முனை டேப்பராக, அதாவது நுனியை நோக்கிச் சிறுத்துவரும் கூம்பாகக் கடையப்பட்டது. அதன் மீது ஏறும் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரத்தை) சுழற்றுவது, இரண்டுக்கும் இடையே செருகப்படும் அரைநிலா வடிவ உலோகத் துண்டான கீ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீ அதை இடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். சுமையைத் தாங்குவது, நட்டை இறுக்கும்போது ஷாஃப்டில் உண்டாகும் இழுவையால் டேப்பரின் இரு பரப்புகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் உராய்வு. முன்பு கை உணர்வை மட்டும் நம்பி நான் இறுக்கிய நட்டைக் கழற்றியபோது, கீயின் ஒரு பக்கம் நசுங்கிப் படி விழுந்திருந்தது. டேப்பர் முழுவதும் செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தது. ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்கிலும் ஸ்பிராக்கெட் மயிரிழை அளவு அசைந்து அந்தக் கீயை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் பார்த்த அன்றே ரெஞ்ச் வாங்க முடிவு செய்தேன்.

ரெஞ்சின் அளவு 20 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. இத்தகைய ஸ்பிரிங் வகைக் கருவிகள் தம் எல்லையின் அடிப்பகுதியில் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல என்பதால், 40-க்குக் கீழே இதைப் பயன்படுத்துவதில்லை; சிறிய போல்ட்டுகளுக்கு வேறு ரெஞ்ச் வேண்டும். பிழை 4 சதவீதத்துக்குள் இருக்கும் என்று உடன் வந்த தாள் சொன்னது. அதை நானே சரிபார்க்க விரும்பினேன். ரெஞ்சின் டிரைவை வைஸில் பிடித்துக் கைப்பிடியைக் கிடைமட்டமாக நிறுத்தி, டிரைவின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டரில், கை பிடிக்கும் இடத்தின் நடுவே, 12.5 கிலோ மணல் நிரப்பிய வாளியை மெல்லத் தொங்கவிட்டேன். அது 5 கிலோகிராம் மீட்டர், அதாவது 49 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 51.5. அளவை 50-இல் வைத்தபோது கிளிக் தெளிவாகக் கேட்டது, 54-இல் வைத்தபோது கேட்கவில்லை. வீட்டுச் சோதனைக்கு இது போதும்.

குறை ஒன்று உண்டு. பழைய சர்வீஸ் புத்தகங்கள் பெரும்பாலும் கிலோகிராம் மீட்டரிலோ பவுண்டு அடியிலோதான் அளவு தருகின்றன. இந்த ரெஞ்சில் கிலோகிராம் மீட்டர் அளவுகோல் இல்லை. ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர் அல்லது 7.2 பவுண்டு அடி என்று சிறு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். அலகை மாற்றிப் படித்தால் மரை உரிந்துபோகும்.

இனி பிடிக்கும் கருவி. நட்டை இறுக்கும்போது ஷாஃப்ட் அசையாமல் நின்றால்தான் ரெஞ்ச் காட்டும் அளவுக்குப் பொருள் உண்டு. இந்தக் கருவியின் தாடைகள் குறுகலானவை. கிளட்ச் சென்டரின் இரண்டு மூன்று பற்களின் விளிம்பை மட்டுமே கவ்வுகின்றன. 50 நியூட்டன் மீட்டரை நெருங்கும்போது அதன் கை வளைந்து, தாடை நழுவி, ஒரு பல்லின் ஓரத்தில் பளபளப்பான தழும்பை விட்டுச் சென்றது. அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. சென்டரின் பற்களில் பொருந்தும் பழைய ஸ்டீல் பிளேட் ஒன்றில் நீளமான இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு இணைத்துக்கொண்டேன். எல்லாப் பற்களும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் எதுவும் நழுவுவதில்லை. கிராங்க் நட்டுக்கு, இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடையே பொருந்தும் பூட்டுக் கட்டை வேண்டும். பிளக் துவாரத்தில் எதையாவது செருகிப் பிஸ்டனைத் தடுப்பதையும், அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்கில் இம்பாக்ட் கன் வைப்பதையும் தயவுசெய்து தவிருங்கள். கிராங்க் முறுக்கிக்கொண்டால் அதைத் திரும்ப நேராக்குவது பெரிய வேலை.

சாக்கெட்டையும் கவனிக்க வேண்டும். கிளட்ச் நட் மெல்லியது. பொதுவான சாக்கெட்டின் வாயில் உட்புறமாக ஒரு சரிவு இருப்பதால், நட்டின் பாதி உயரத்தை மட்டுமே அது பிடிக்கிறது. உடன் வந்த சாக்கெட்டின் வாயைக் கிரைண்டரில் சரிவு போகும்வரை தட்டையாகத் தேய்த்த பிறகே நட்டின் மூலைகள் உருளாமல் தப்பின.

இறுக்கும்போது ரெஞ்சுக்கு நாம் கொடுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இழுவையாக மாறுகிறது. மற்றதை நட்டின் அடிப்பரப்பும் மரையும் உராய்வாக உண்டுவிடுகின்றன. ஆகவே புத்தகம் உலர்ந்த மரைக்கு அளவு கொடுத்திருக்க, நீங்கள் எண்ணெய் தடவி அதே அளவுக்கு இறுக்கினால் இழுவை அளவுக்கு மீறிப் போகும். டேப்பரை மட்டும் எப்போதும் எண்ணெயின்றித் துடைத்து உலர்ந்த நிலையில் பொருத்துகிறேன். பாதியில் நின்ற நட்டைத் தொடர்ந்து தள்ளினால், தேக்கத்தை உடைக்கும் விசையிலேயே கிளிக் கேட்டுவிடும். சற்றுத் தளர்த்தி, ஒரே சீரான வீச்சில் இறுக்க வேண்டும். இந்த ரெஞ்சின் நீளமான கைப்பிடி அதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது.

புதிய லாக் வாஷரை நட்டின் தட்டைப் பக்கத்தில் மடித்துவிட்டு, நட்டிலிருந்து ஷாஃப்ட் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். பல நீண்ட பயணங்களுக்குப் பிறகு கவரைத் திறந்தபோது கோடு உடையாமல் நேராகவே இருந்தது. வேலை முடிந்ததும் ரெஞ்சின் ஸ்பிரிங்கை அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவைக்கிறேன். நட்டைக் கழற்றுவதற்கு அதை ஒருபோதும் எடுப்பதில்லை, அந்த வேலைக்குச் சாதாரணக் கைப்பிடி தனியாக இருக்கிறது.