நெல்லைச் சீமைக்குப் புவியியல் வரைபடம்: பல வருஷப் பயன்பாட்டில் தெரிந்தவை

தண்ணீருக்குப் போர் போட இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், சாத்தான்குளம் வட்டாரம். நிலத்தில் கம்பி ஊன்றி மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவதற்கு முந்தைய ராத்திரியே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடத்தைப் பார்த்துவிடுவேன். அவர்களுடைய பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவில் பாறை வகை, பிளவுக் கோடுகள் எல்லாம் தனித்தனி அடுக்குகளாக இலவசமாகவே கிடைக்கும். நான் அதை இறக்கி, இதுவும் இலவசமான கியூஜிஐஎஸ் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன்.

தாள்களுக்கு மாவட்ட எல்லை கிடையாது. 58எச், 58எல் என்ற எண்ணுள்ள இரண்டையும் எடுத்தால் பொதிகை மலை முதல் திருச்செந்தூர் கடற்கரை வரை வந்துவிடும். சங்கரன்கோவில், கோவில்பட்டிக்கு 58ஜி. 1986-இல் பிரிந்த தூத்துக்குடியும் 2019-இல் பிரிந்த தென்காசியும் ஒட்டியிருக்கும் பழைய ஜில்லாவாகவே பார்க்கலாம். கல்லுக்கும் அதுதானே கணக்கு.

இந்தப் படத்தில் நான் அதிகம் நம்புவது பாறை வகையை. துளைபோடும் ரிக் ஓடும்போது வெளியே வரும் தூளை ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். சார்னோக்கைட் என்ற பாறை என்று படம் சொன்ன இடத்தில் தூள் சாம்பலும் பச்சையும் கலந்து வரும்; பெரிய சில்லாகக் கிடைத்தால் உடைந்த முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கம் இருக்கும். கோண்டலைட், கார்னெட் நைஸ் என்றால் அலசியபின் சிவப்புக் கார்னெட் மணிகள் அடியில் தங்கும். இந்த விஷயத்தில் படமும் கையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சார்னோக்கைட் இறுகிய கல், வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் விவசாயியிடம் வீண் நம்பிக்கை கொடுக்காமல் பேச முடிகிறது.

வயது வேறு விவகாரம். பழைய தாள்களில் நம் பக்கத்துச் சார்னோக்கைட்டும் கோண்டலைட்டும் ஆர்க்கேயன், அதாவது 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று போட்டிருக்கும். பிறகு பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தபோது, இந்தப் பாறைகள் பூமிக்கடியில் கடும் சூட்டில் வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று தெரியவந்தது. மூலப்பொருள் அதைவிடப் பழையது. ஆகவே ஒரே கல்லுக்கு இரண்டு வயது உண்டு. தாள் எதைச் சொல்கிறது, எந்த வருஷம் அச்சானது என்று குறிப்புப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக வயதை ஒதுக்கிவிடவும் முடியாது. தாழையூத்துக் கல்லில் ஒரு சொட்டு நீர்த்த ஆசிட் விட்டால் நுரைக்கும். கரிசலுக்கு அடியில் கிடக்கும் சுக்கான் கல்லில் விட்டாலும் அதேபோல நுரைக்கும். முன்னது பழம்பாறைகளோடு சேர்ந்து வெந்து படிகமான சுண்ணாம்புக்கல். சங்கர் நகருக்கு 1949-இல் சிமெண்ட் ஆலை வந்தது அதை நம்பித்தான். பின்னது மண்ணிலிருந்த சுண்ணாம்பு கரைந்து இறுகியது, நேற்றுப் பிறந்தது என்றே சொல்லலாம். வகையும் வயதும் சேர்ந்தால்தான் இவற்றைப் பிரித்து அறிய முடியும்.

அடுத்து அளவு. திசையன்விளைப் பக்கம் பெரியவர் ஒருவர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசாக்கிப் பாரு தம்பி, நம்ம விளை எந்தக் கலர்ல கெடக்குன்னு தெரியும்லா" என்றார். "அண்ணாச்சி, ஒரு ஏக்கர் இந்தப் படத்துல ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பெருசாக்கினா கலர்தான் பெருசாகும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. 1:50,000-இல் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். இரண்டு நிறங்கள் சேரும் கோடு தோட்டத்தின் நடுவே ஓடுவதாகத் தெரிந்தால், அந்த வட்டாரத்தில் எங்கோ பாறை மாறுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் தேடுகிறவனுக்கு நிறத்தைவிடக் கோடுகள் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து. அச்சன்கோவில் வெட்டுமண்டலம், அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பழைய பட்டை, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நம் சீமைக்குள் இறங்குகிறது. அதன் பக்கம் பாறையின் வரிகளும் பெரும்பாலும் அந்தப் போக்கிலேயே கிடக்கின்றன. மீட்டர் கம்பிகளை எந்தத் திசையில் இழுப்பது என்று முடிவுசெய்ய எனக்கு அந்தத் தகவல் பெரிய உதவி.

படம் கைவிடும் இடம் தேரி என்னும் செம்மணல் மேடு. குதிரைமொழித் தேரி, திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் எல்லாம் ஒரே நிறமாகப் பரந்து கிடக்கும். இரும்பு ஆக்ஸைடு பூசிய மணல். நுண்கற்கருவிகள் கிடைத்திருப்பதால் மனிதன் நடமாடிய காலத்தோடு தொடர்புடையது என்பதும் உறுதி. மழை ஓடாமல் அப்படியே உள்ளே இறங்கும், ஓரத்துத் தாழ்வுகளில் தருவையாகத் தேங்கும். ஆனால் மணல் எத்தனை அடி கனம், அடியில் பனம்பாறையில் தெரிகிற மாதிரிச் சுண்ணாம்பு கலந்த மணற்கல் இருக்கிறதா, நேரே கடும்பாறையா? மேற்பரப்புப் படத்தில் இதற்குப் பதில் இல்லை. அங்கே மீட்டர் இல்லாமல் நான் புள்ளி வைப்பதே இல்லை. கடலுக்குப் பக்கமென்றால் ஆழம் போகாதீர்கள் என்றும் சொல்லிவிடுவேன், உப்பு ஏறிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் படத்தோடு ஒரு வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆனி, ஆடியில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும்போது பக்கத்து வெட்டுக்கிணறுகளை எட்டிப் பாருங்கள். பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது, வரிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, ஈரம் எந்த வெடிப்பில் கசிகிறது என்று குறித்து, அந்தப் புள்ளியைக் கியூஜிஐஎஸ்ஸில் தனி அடுக்காக ஏற்றிவையுங்கள்.