செடிக்குள் வளரும் கொசுக்களைப் படமெடுத்து இனம் காண: 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் ஒரு சொட்டுக் குழாயும்

சில வருடங்களாக ஒரே 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ்), ஒரு சின்ன ஃபிளாஷ். எடுப்பது செடிகளில் தேங்கும் நீரில் வளரும் கொசுக்களை மட்டும்: பிரோமிலியாட் என்ற அன்னாசிக் குடும்பச் செடியின் இலைக்குழி, குடுவைத் தாவரம், வெட்டிய மூங்கில் கணு, மரப்பொந்து. எந்தக் கருவி அதிகம் உதவியது என்றால், ரப்பர் குமிழ் வைத்த நீளமான சொட்டுக் குழாயைத்தான் சொல்வேன்.

செடிமேல் உட்கார்ந்திருக்கும் கொசு அங்கேயே பிறந்தது என்று சொல்ல முடியாது. வயதான கொசுவுக்குச் செதில்கள் வேறு உதிர்ந்திருக்கும். அடையாளமே அந்தச் செதில்களில்தான் இருக்கிறது. அதனால் புழுக்களை அதே தண்ணீரோடு உறிஞ்சி, வலைத்துணி கட்டிய ஜாடியில் வளர்க்கிறேன். கூட்டுப்புழுவானால், வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று நாளில் கொசு வெளியே வந்துவிடும். வந்த உடனே எடுத்தால் நிறம் வெளிறியிருக்கும். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். உரித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள், இனம் காண அதுவும் உதவும்.

டாக்ஸோரிங்கைட்டிஸ் என்ற கொசுப் பேரினத்தின் புழு இருந்தால் தனி ஜாடி. மற்ற புழுக்களைத் தின்றுவிடும். ஆனால் வளர்ந்தபின் கடிக்கவே கடிக்காது. பெரிய உடல், கீழே வளைந்த உறிஞ்சுகுழல், தேன் மட்டும்தான் உணவு. படமெடுக்க இதைவிட அழகான கொசுக்கள் குறைவு.

சரி, லென்ஸ். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1 அளவில் (சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்) 5 மி.மீ. கொசு, சென்சாரின் 36 மி.மீ. அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். முதுகுக் கோடுகளுக்கு அது போதும். ஏடிஸ் அல்போபிக்டஸ் என்றால் முதுகு நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு, ஏடிஸ் எஜிப்டி என்றால் யாழ் வடிவம். தனித்தனிச் செதில் தெரிய, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வேண்டும். ஃபிளாஷுக்கு, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் கட்டாயம். இல்லாவிட்டால் வெள்ளிச் செதில்கள் வெளுத்துப்போகும். உயிருள்ள கொசுவில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த படங்களை ஒன்றாக்குவது) பெரும்பாலும் வீண், கால் அசைந்துகொண்டே இருக்கும். நேர் மேலிருந்து முதுகு, பக்கவாட்டில் மார்பு, பின்னங்கால் வளையங்கள் என்று தனித்தனியாக எடுப்பதே நல்லது.

ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் அசையாது என்பது உண்மைதான். வெளியே எடுத்ததும் பனி படிந்து படம் கெடுகிறது, கொசுவும் செத்தது போலக் கிடக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தால் குடிக்க உட்காரும், அப்போது எடுக்கலாம். கைபேசி கிளிப் லென்ஸ், கண்ணாடித் தொட்டியில் புழு எடுக்க மட்டும் சரி; பக்கத்தில் கொண்டுபோனாலே கொசு பறந்துவிடும்.

கிடைத்த செடியின் பெயரைக் குறித்து வைப்பது பாதி வேலையை முடிக்கும். வட அமெரிக்காவின் சாரசீனியா பர்ப்பூரியா குடுவைக்குள் புழு என்றால், முதலில் வையோமையா ஸ்மித்தி என்ற கொசுவை நினைக்கலாம். குளிர்காலத்தில் உறைந்த நீரிலும் பிழைக்கும் புழு அது. சில இனங்களை ஆண் கொசுவின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அந்தப் படங்களுக்குப் பேரினப் பெயர் மட்டும் போட்டு வைக்கிறேன்.